மனையடி பார்த்துக் கட்டிய படகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும், பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கும்போது யாராவது ஒருவர் என் படகுக் கதையை ஆரம்பித்துவிடுவார். அப்படி ஆரம்பிப்பவர்களில் ஒருவர்கூட அன்றைக்குப் படகில் இருந்தவர் இல்லை. முக்கால்வாசிப் பேர் செல்போனில் வந்த வீடியோவை மட்டும் பார்த்தவர்கள். அதனால் படகுக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் படகில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர்தான் குறைவாக இருந்தது.

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு மரக்கடை. நிலை, கதவு, ஜன்னல், ரீப்பர் என்று கட்டட வேலைக்கான மரம் அறுத்துக் கொடுப்போம். கடையின் பொறுப்பு முழுக்க அண்ணனிடம். கடைக்குப் பின்னால் பழைய பஞ்சு குடோன் ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஒரு பட்டறை போட்டு, கட்டில், நாற்காலி, அலமாரி என்று என் கையால் செய்து விற்க வேண்டும் என்பது என் ஆசை. அண்ணனுக்கு வேறு ஆசை. காரியாபட்டியில் ஒரு கிளை திறந்து, அதில் என்னை உட்கார வைத்து, போகிற வருகிறவர்களுக்குக் கதவு விற்க வைக்க வேண்டும் என்று நினைத்தார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கதவு விற்றே கிழவனாகிவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அண்ணன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. நான் செய்ய ஆரம்பித்த ஊஞ்சல் பலகையாகவே நின்றிருந்தது. நான் செய்த நாற்காலிக்கு மூன்று கால்தான் முடிந்திருந்தது. (நான்காவது கால் அடுத்த வாரம் என்று சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது.)

"ஏலே பாண்டி, ஒனக்கு ஆரம்பிக்கத் தெரியும். முடிக்கத் தெரியாது" என்பார் அண்ணன். இதைக் கடையில் ஆள் இருக்கும்போதுதான் சொல்வார்.

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் எங்கள் பக்கம் பெய்யாத மழை பெய்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு ஊருக்கு நிலைக்கதவு இறக்கப் போனவன், அந்த ஊர்க் கண்மாயைப் பார்த்து லாரியை விட்டு இறங்கிவிட்டேன். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள்.) கண்மாய் என்றால் சீமைக்கருவேல மரம் நிற்கிற இடம் என்றுதான் பிறந்ததிலிருந்து நினைத்திருந்தேன். அன்றைக்கு அது நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. இந்த மடைக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கோடியில் ஐயனார் கோயில் கரை வரைக்கும் தண்ணீர். லோடு இறக்கி முடிப்பதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். படகு கட்ட வேண்டும்.

கட்டுமரமோ வள்ளமோ இல்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் மெல்லிய மர ரீப்பர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை வைத்து ஒட்டி, இரண்டு முனையும் தூக்கின மாதிரி, பழங்காலத் தோரணையில் ஒரு படகு செய்வதைச் செல்போனில் பார்த்திருந்தேன். வரிசையாக அச்சுப் பலகைகளை நிறுத்தி, அதன்மேல் ரீப்பரை வளைத்து ஒட்டிக்கொண்டே வர வேண்டும். காய்ந்த பிறகு இழைத்து, மேலே கண்ணாடி நார்த் துணி விரித்துப் பிசின் பூச வேண்டும். ஆணி கிடையாது. ஒரே ஆள் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ரீப்பர் எங்கள் கடையில் மலையாகக் கிடந்தது. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அண்ணி, என் மனைவி உமா எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"சரிலே. பங்குனிப் பொங்கலுக்குள்ள படகக் கட்டு. நம்ம வீட்டு ஆளு நாலு பேர ஏத்தி, மடைக் கரையில இருந்து கோயில் கரைக்குக் கொண்டு போயிச் சேத்துரு. குடோன் சாவியத் தந்துர்றேன், பட்டறையப் போட்டுக்க. சேக்கலைன்னா மறுபேச்சுப் பேசாம காரியாபட்டிக்குப் பஸ்ஸு ஏறிரணும்."

அண்ணன் சொன்ன வார்த்தையை மாற்றாதவர். கடைத்தெருவே அதற்குச் சாட்சி. நான் எழுந்து நின்று சரி என்றேன். என் தட்டில் இருந்த இட்லி அப்படியே கிடந்தது.

படகு கட்ட முதலில் வரைபடம் வேண்டும். விற்கிறவர்கள் விதவிதமாகப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் முழுக்கப் பார்த்துவிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் மூன்றை வாங்கினேன். முதலாவது பன்னிரண்டு அடி, ஒரு ஆளுக்கு. இரண்டாவது பதினைந்து அடி, அடிப்பாகம் தட்டை, அகலம் அதிகம். ஆழம் குறைந்த நீருக்கும் குடும்பத்தோடு போவதற்கும் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது பதினேழு அடி, ஒடுக்கமாக, அடிப்பாகம் உருண்டையாக, முனைகள் அழகாகத் தூக்கி நின்றன. அனுபவசாலிகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் இது நமக்குத்தான் என்று தோன்றியது. அதுவரை நான் ஏறியிருந்த ஒரே படகு கொடைக்கானலில் பெடல் போடுவது. அதிலும் பெடல் போட்டது உமா.

மதுரையில் ஒரு கடையில் முழு அளவில் அச்சிட்டு, சுருளாகச் சுற்றி, பஸ்ஸில் பார்சல் போட்டார்கள். சுருள் வந்து இறங்கிய அன்று மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் எங்கள் வீட்டில் எதையும் தொடங்க மாட்டார்கள். படகு தொடங்கக் கூடாது என்றால் சரி, சுருளைப் பிரித்தாவது பார்க்கலாமே என்றேன். பிரிப்பதுதான் தொடக்கம் என்று அண்ணி சொல்லிவிட்டார். சுருள் ஒரு மாதம் பீரோ மேல் படுத்துக் கிடந்தது. நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கி எழுந்தேன்.

தை பிறந்து, பொங்கல் முடிந்து, சுருளைப் பிரித்தோம். உடனே சண்டை வந்தது. அண்ணன் பன்னிரண்டடி போதும் என்றார். (மரம் மிச்சமாம். நாலு பேர் ஏற வேண்டும் என்று பந்தயம் போட்டவரே இவர்தான்.) உமா மூன்று தாளையும் தரையில் விரித்து, எழுதியிருந்ததை வரி விடாமல் படித்துவிட்டுப் பதினைந்தடியில் விரலை வைத்தாள். உமா தூத்துக்குடிக்காரி. தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அவள் பேச்சைக் கேட்காமல் இருக்கப் போதுமான காரணமாக இருந்தது. நான் பதினேழில் நின்றேன். பத்து நாள் மூன்று பேரும் அசையவில்லை.

பதினோராம் நாள் நான் ஒரு தந்திரம் செய்தேன். மல்லாங்கிணற்று மாமாவை வரவழைத்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி, பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் ஓர் அறை கட்டுவதென்றால் மனையடி பார்ப்போம். இத்தனை அடி வந்தால் செல்வம், இத்தனை அடி வந்தால் பகை என்று தினசரிக் காலண்டரிலேயே பட்டியல் போட்டிருக்கும். எந்த இஞ்சினியர் படம் போட்டாலும் கடைசி வார்த்தை காலண்டருடையதுதான். அந்தக் காலண்டருக்கு மாமா ஏஜெண்டு மாதிரி. அவர் அளந்து சொல்லாமல் சுற்றுவட்டாரத்தில் மாட்டுக்கொட்டகைகூட எழும்பாது. (இதை அவரே சொல்லியிருக்கிறார்.)

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பினார்.

"பன்னெண்டடி. செல்வம் அழியும்."

அண்ணன் தன் தாளைத் தானே சுருட்டி வைத்துவிட்டார்.

"பதினஞ்சு, மாமா?" என்றேன் ஒன்றும் தெரியாதவன் போல. (முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன்.)

"காரியம் கெடும்."

"பதினேழு?"

"ராஜபோகம்டா மாப்ளே!"

உமா விடவில்லை. "மாமா, இது வீட்டுக்குப் பாக்குத கணக்குல்லா? இது படகுல்லா?"

மாமா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஏம்மா, உள்ள மனுசன் உக்காருவானா மாட்டானா?"

"உக்காருவான்."

"மனுசன் உக்காந்தா அது மனைதான்."

இந்த வாதத்துக்கு எதிர்வாதம் இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் வெற்றிப் பெருமிதத்தில் பதினேழடித் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அங்கேயே கூட்டத்தைக் கலைத்திருக்க வேண்டும். மாமாவுக்குக் காப்பி கொடுத்ததுதான் தப்பு. காப்பியை ஆற்றிக்கொண்டே அவர் கேட்டார்.

"இந்தப் பதினேழு வெளியளவா, உள்ளளவா?"

"வெளியளவு மாமா. மூக்குல இருந்து வாலு வரைக்கும்."

"கெடுத்த போ. மனையடி உள்கூட்டுக்குத்தான. செவத்துக்குச் செவரு உள்ளுக்குள்ள பதினேழு வரணும்."

அந்தப் படகுக்கு இரண்டு முனையிலும் காற்று அடைத்த பெட்டி மாதிரி இரண்டிரண்டு அடி மூடியிருக்கும். கவிழ்ந்தாலும் முழுகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. மாமா கணக்கில் அந்த இரண்டும் சுவர். சுவருக்குச் சுவர் பதினேழு என்றால், மூக்கிலிருந்து வால் வரை இருபத்தொன்று. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா காலண்டரைப் பார்த்துவிட்டார்.

"இருபத்தொண்ணு, பால் பாக்கியம்! பாத்தியா, உள்ளயும் வெளியயும் சேந்து வருது. இப்பிடி அமையாதுடா."

படகில் பாலுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அச்சுப் பலகைகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிறுத்தினால் படகு நீளும் என்று வரைபடத்தின் ஓரத்திலேயே குறிப்பு இருந்தது. கொஞ்சம் என்றால் நாலு அடி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பதினேழை ஜெயிக்க வைத்தவரே மாமாதான். அவரை எதிர்த்தால் பதினைந்து ஜெயித்துவிடும். உமாவிடம் தோற்பதைவிட இருபத்தோரடி கட்டுவது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது.

கூட்டம் முடிந்து எழும்போது உமா ஒன்று கேட்டாள். "அந்தக் கம்மாயில இப்ப தண்ணி எம்புட்டுக் கிடக்குன்னு யாராது போயிப் பாத்தியளா?"

"மறுகால் பாஞ்ச கண்மாய் உமா. கடல் மாதிரிக் கெடக்கு" என்றேன். நான் கடைசியாகப் பார்த்தது கார்த்திகையில். கடலைப் பார்த்து வளர்ந்தவளிடம் கடல் மாதிரி என்று சொல்லியிருக்கக் கூடாது.

அதற்கப்புறம் வேலு ஆசாரி வந்தார். என் வயதுதான், என்னைவிட நூறு மடங்கு கோபக்காரர். வரைபடத்தில் ரீப்பரின் கனம் கால் அங்குலம் என்று போட்டிருந்தது. ஆசாரி ஒரு துண்டைக் கையில் வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"மொதலாளி, இது அப்பளம். நாலு பேரு உக்காந்தா பொத்துக்கிட்டுப் போயிரும். நாளைக்கு ஊருக்குள்ள ஆசாரி யாருன்னுதான கேப்பாக?"

அரை அங்குலம் என்று முடிவானது. அரை அங்குலம் வளைய மறுத்தது. வெந்நீர் ஊற்றி, கோணி சுற்றி, கயிறு போட்டு இழுத்து வளைத்தோம். உள்ளுக்குள் குறுக்குச் சட்டம் வேண்டும் என்றார், ஆறு வைத்தார். மாசி முழுக்க வேலை நடந்தது. ஒன்று சொல்ல வேண்டும். முடித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளை ஆரம்பித்து முடித்தேன். மலைவேம்பு ரீப்பர் தேன் நிறத்தில் மினுங்க, இருபத்தோரடி நீளத்துக்கு அது குடோனில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஆள் தலையில் தூக்கலாம் என்று வீடியோவில் சொன்ன அந்தப் படகை லாரியில் ஏற்ற எட்டு லோடுமேன்கள் தேவைப்பட்டார்கள்.

பங்குனியில் நல்ல நேரம் பார்த்து, காலை பத்து மணிக்குக் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரே கரையில் நின்றது. நான் பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். லாரியிலிருந்து குதித்துக் கண்மாயைப் பார்த்தேன்.

கண்மாய் போய்விட்டிருந்தது. மொத்தமாகப் போகவில்லை. மடைப் பக்கம் மட்டும் பாய் விரித்த மாதிரி கொஞ்சம் பளபளத்தது. நாங்கள் வரைபடம் தேர்ந்தெடுத்து, ரீப்பர் வளைத்துக்கொண்டிருந்த தையும் மாசியும் ஊர்க்காரர்கள் மடையைத் திறந்து விட்டு நெல்லுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோயில் கரைப் பக்கம் காய்ந்தே போய், ஒரு டிராக்டரில் கரம்பை மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"முழங்கால் தண்ணி இருக்கு. இந்த மாதிரிப் படகுக்கு அதுவே தாராளம்" என்றேன் சத்தமாக.

"அது அப்பளத்துக்கு" என்றார் ஆசாரி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "வேண்டாம்னா இப்பமே சொல்லிரு. காரியாபட்டி பஸ்ஸு பதினொண்ணுக்கு இருக்கு."

இதற்குப் பிறகு நான் எப்படிப் பின்வாங்குவேன்? ஏறச் சொன்னேன். மாமா சாஸ்திரத்துக்குச் சாட்சியாக முன்னால் உட்கார்ந்தார். அண்ணன் நடுவில். அண்ணி அவருக்குப் பின்னால், கோயிலில் படைப்பதற்காகப் புளியோதரைத் தூக்குவாளியோடு. வாலில் துடுப்போடு நான். உமாவைக் கூப்பிட்டதற்கு, "நாலு பேருன்னுதான பேச்சு? கணக்கு சரியாப் போச்சு" என்று கரையிலேயே நின்றுகொண்டாள்.

லோடுமேன்கள் தள்ளிவிட்டார்கள். படகு போனது. ஐம்பதடி போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை, ஒரு ஆட்டம் இல்லை. கரையில் விசில் பறந்தது. மாமா திரும்பி என்னைப் பார்த்து, "ராஜபோகம்!" என்றார். இந்த ஐம்பதடியைக் கல்யாணப் பந்தியில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஐம்பதடி முடிந்ததும் அடியில் சொரசொரவென்று ஒரு சத்தம். படகு நின்றது.

"நங்கூரம் போட்டியாலே?" என்றார் மாமா.

துடுப்பை ஊன்றித் தள்ளினேன். துடுப்பு சேற்றுக்குள் போய், போய், என் முழங்கை வரைக்கும் போனது. படகு அசையவில்லை. "எறங்கித் தள்ளு" என்றார் அண்ணன். ஒரு காலை வெளியே வைத்தேன். தொடை வரை இறங்கியது. காலை இழுத்தபோது செருப்பு வரவில்லை. தண்ணீர் இருக்கிறது, ஆனால் மிதக்க முடியாது. தரை இருக்கிறது, ஆனால் நடக்க முடியாது. அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து நிறுத்தியிருந்தேன்.

வெயில் ஏறியது. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். வீரசோழத்தில் அண்ணனுக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் போன் போட்டு, வீடியோ கிடைத்தது, கவனமாக இருங்கள் என்று நலம் விசாரித்தார். நாங்கள் சிக்கி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. அண்ணன் யாரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி தூக்குவாளியைத் திறந்தார்.

"ஐயனாருக்குத் தெரியும். சாப்பிடுங்க" என்று ஆளுக்கு ஒரு கை புளியோதரை வைத்தார். மாமா இரண்டாவது முறையும் கையை நீட்டினார். நான் மட்டும் சாப்பிடவில்லை. காரியாபட்டிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. என் தலைக்கு மேல் வரிசையாகக் கதவுகள் நின்றன.

அப்போது மண் அள்ளிக்கொண்டிருந்த டிராக்டர் கரையைச் சுற்றிக்கொண்டு மடைப் பக்கம் வந்து நிற்பதைப் பார்த்தேன். உமா டிரைவரிடம் ஏதோ பேசினாள். எங்கள் லாரியின் லோடு கயிறு முழுவதையும் லோடுமேன்கள் முடிச்சுப் போட்டு இணைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"பெரியத்தான், டிராக்டர் அண்ணன் எந்தக் கரைக்கு இழுக்கன்னு கேக்காவ" என்றாள் உமா.

"இதென்னம்மா கேள்வி? மடைக் கரைக்குத்தான். அம்பதடிதான கெடக்கு. சட்டுன்னு இழுக்கச் சொல்லு."

டிராக்டர் உறுமுவது போனில் கேட்டது.

"கோயில் கரைக்குன்னுல்லா அன்னைக்குப் பேசுனிய?"

"ஏம்மா, வெயிலு மண்டையப் பொளக்குது, இப்பப் போயி..."

"மடைக் கரைக்கு இழுத்தா ஒங்க தம்பி தோத்துருவாவ. கோயில் கரைக்கு இழுத்தா ஜெயிச்சிருவாவ. நான் எந்தக் கரைக்கு இழுக்கச் சொல்லுவேன்னு நெனைக்கிய, பெரியத்தான்?"

போன் வைக்கப்பட்டது. முதலில் சிரித்தது அண்ணிதான். மாமா புளியோதரையை வாயில் வைத்தபடியே மெல்ல மறந்துவிட்டார். டிராக்டர் திரும்பியது. உமா அதன் மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்து, சுருட்டிய கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, கரையைச் சுற்றிக் கோயில் பக்கம் போனாள். அவ்வளவு தூரமும் எங்கள் நாலு பேர் தலையும் அவள் கூடவே திரும்பியது.

அந்தப் பக்கம் காய்ந்த தரையில் டிராக்டர் எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே வந்தது. டிரைவர் கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டி வீசினார். படகுக்கு இருபதடி முன்னால் சேற்றில் விழுந்தது. மூன்று முறை வீசினார், மூன்று முறையும் அங்கேதான் விழுந்தது. யாராவது போய் எடுத்து வர வேண்டும்.

நான் உட்காரும் பலகையைக் கழற்றினேன். அதைச் சேற்றின் மேல் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, கையால் சேற்றைத் தள்ளித் தள்ளி நகர்ந்தேன். படகை விட்டு ஆறடி போவதற்குள் பட்டுக்கரை வேட்டி என்னைக் கைவிட்டுச் சேற்றோடு தங்கிவிட்டது. அதன் பிறகு நான், என் பட்டாபட்டி டிரவுசர், ஊர் முழுக்கச் செல்போன். நீங்கள் பார்த்த வீடியோ இதுதான். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். மட்கார்டிலிருந்து இறங்கி முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு உமா கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெட்கம் பார்க்கிற நேரம் இல்லை இது என்று எனக்கே ஆத்திரம் வந்தது. கயிற்றைப் பிடித்தேன். பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே திரும்பி வந்து படகின் மூக்கில் கட்டினேன். வீடியோ எடுத்தவன் சிரித்த சிரிப்பில் போன் ஆடியதால் இந்தக் கடைசிப் பகுதி அதில் சரியாகத் தெரியாது.

டிராக்டர் இழுத்தது. படகு சேற்றை விட்டு எழும்பி, வயலில் பரம்படிக்கிற பலகை மாதிரி வழுக்கிக்கொண்டு, முழு நீளத்துக்கும் கண்மாயைத் தாண்டிக் கோயில் கரையில் போய் ஏறியது. இறங்கிப் பார்த்தோம். ஒரு ரீப்பர் பிரியவில்லை. கால் அங்குலத்தில் செய்திருந்தால் பிரிந்திருக்கும் என்று ஆசாரி இன்றும் சொல்கிறார். கால் அங்குலத்தில் செய்திருந்தால் மிதந்திருக்குமே என்று நான் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் வேலைக்கு வர மாட்டார்.

"நாலு பேரு. மடைக் கரையில இருந்து கோயில் கரைக்கு. சேத்துட்டேன்" என்றேன், பட்டாபட்டியோடு நெஞ்சை நிமிர்த்தி.

"டிராக்டருல்லாலே இழுத்துச்சு? மிதந்துல்ல வரணும்?" என்றார் அண்ணன்.

"மிதக்கணும்னு நீங்க சொல்லல. கொண்டு போயிச் சேக்கணும்னுதான் சொன்னீக."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஆமாம் என்று தலையாட்டினார். மாமாவும் ஆட்டினார். அண்ணன் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, குடோன் சாவியைத் தனியாகக் கழற்றினார். நான் சேறு வழிகிற கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போனார்.

"சொன்ன வார்த்தை சொன்னதுதான். ஆனா கொண்டு வந்து சேத்தது நீ இல்லயேப்பா" என்று சொல்லி, சாவியை உமா கையில் வைத்தார்.

அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. பட்டறை நன்றாக நடக்கிறது. ஆசாரி இப்போது மொதலாளி என்று கூப்பிடுவது உமாவை. என்னைப் பாண்டியண்ணே என்கிறார். யாராவது கட்டிலுக்கோ அலமாரிக்கோ படம் கொண்டுவந்து காட்டினால், அவள் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், அது வைக்கப்போகிற இடத்தை அளந்துவிட்டு வருகிறாள். படகை அந்த ஊர்க்காரர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கோயில் பக்கத்தில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகக் கிடக்கிறது. ஒரு மந்தையே ஒரே வரிசையில் நின்று குடிக்கலாம். சொட்டு ஒழுகுவதில்லை. மாமாவிடம் சொன்னபோது, பால் பாக்கியம் பலித்துவிட்டது பார்த்தாயா என்று மார்தட்டிக்கொண்டார். அந்தப் பதினேழடி வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்னொரு முறை மறுகால் பாயட்டும், தை மாதம் வரை காத்திருக்காமல் அந்த வாரமே தொடங்கிவிடுவேன். அதே பதினேழுதான். வெளியளவு.

எங்கள் வீட்டில் இப்போது எதில் முடிவெடுப்பதென்றாலும் ஒரே கேள்விதான். எந்த மண்டபம், எந்த டாக்டர், எந்த நிறப் புடவை, எல்லாவற்றுக்கும் "எந்தக் கரைக்கு இழுக்க?" என்றுதான் கேட்பார்கள். போன மாதம் அண்ணனே போன் செய்தார். அவருடைய மகளுக்குக் கல்லூரி பார்க்கிறார்கள். நான் போனை எடுத்ததும், "ஒன்கிட்ட இல்ல, உமாகிட்டக் குடு" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, பிள்ளை சென்னைங்குது. ஒங்க அக்கா மதுரை போதும்ங்குறா. எந்தக் கரைக்கு இழுக்கலாம்?"

"படிக்கப் போறது பிள்ளல்லா பெரியத்தான்? அவ சொல்லுத கரைக்கு இழுங்க" என்றாள் உமா.

எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு வருஷமாக எல்லோரும் கரையைப் பற்றியே பேசுகிறார்கள், கயிற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. "சேத்துல படுத்துப் போயி கயிறு எடுத்துட்டு வந்தது யாரு? அதக் கேளுங்க மொதல்ல!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

அந்தப் பக்கம் அண்ணன் அவசரப்படாமல் சொன்னார். "வேட்டியக் கட்டிட்டு வந்து பேசுலே."

நான் அப்போது வேட்டி கட்டித்தான் இருந்தேன்.